கொஞ்சம் தள்ளி உட்காருங்க

1984இல் எனக்கு வங்கி வேலைக்கான உத்தரவு தபாலில் வந்த அன்று, லோகோ ஷெட்டில் இரவு ஷிப்ட் முடித்து வந்திருந்த அப்பா, எண்ணெய்ப் பிசுக்குக் கையைத் துடைத்துக்கொண்டு அதை இரண்டு தடவை படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “பிராஞ்ச் எந்த ஸ்டேஷன் கிட்ட?” சம்பளம் எவ்வளவு, மேலே எதுவரைக்கும் போகலாம் என்பதெல்லாம் அவருக்கு இரண்டாம்பட்சம். அம்பத்தூர் என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. “அப்போ பரவாயில்லை. உட்கார்ந்துக்கிட்டே போயிடலாம்.”

அரக்கோணத்துக்காரர்களுக்குத்தான் இந்த ஆசீர்வாதத்தின் அருமை தெரியும். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குப் போனபோது எங்கள் ஊர் வழியாகத்தான் போனது என்பது நாங்கள் வெளியூர்க்காரர்களிடம் சொல்லிக்கொள்ளும் பெருமை. சென்னை லோக்கல் நிறைய இங்கிருந்தே கிளம்புவதால் ஏறும்போதே ஜன்னலோரம் கிடைக்கும் என்பது எங்களுக்குள் வைத்துக்கொள்ளும் பெருமை.

அந்த ஜன்னலோரச் சுகம் புளியமங்கலம், மோசூர், திருவாலங்காடு, மணவூர் என்று நீண்டு கடம்பத்தூரில் முடிந்துவிடும். முதல் நாள் புதுச்சட்டையும் கையில் தூக்குச்சட்டி மாதிரி ஒரு டிபன் கேரியருமாக உட்கார்ந்திருந்த என் முன்னால், கடம்பத்தூரில் ஏறிய ஒருவர் வந்து நின்றார். பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸில் ஃபிட்டர் என்று பிறகு தெரிந்தது. “தம்பி, கொஞ்சம் தள்ளி உட்காருங்க” என்றார். மூன்று பேர் உட்காரும் பலகையில் ஏற்கெனவே நான்கு பேர் இருந்தோம். எந்தப் பக்கம் தள்ளுவது என்று நான் விழிப்பதைப் பார்த்து, தொழில் சொல்லிக்கொடுக்கிற தோரணையில் சொன்னார்: “மூச்சை வெளிய விடுங்க. தோளை முன்னாடி கொண்டுவாங்க. அரையடி கிடைக்கும்.” கிடைத்தது. அந்த அரையடியில் அவர் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு, அவர் ஓய்வு பெறும் வரைக்கும், ஏறத்தாழ அதே அரையடியில்தான் உட்கார்ந்தார்.

நடுவில் நாலு கிளை மாறினேன் என்றாலும் எல்லாம் இதே தண்டவாளத்தின் ஓரத்தில் இருந்தவைதான், கடைசியில் சுற்றிச் சுழன்று மறுபடி அம்பத்தூருக்கே வந்து சேர்ந்தேன். அந்தப் பெட்டியில் நாங்கள் செய்த காரியங்களை இப்போது நினைத்துப் பார்த்தால், ஒரு சுகாதார அதிகாரி படித்தால் மயங்கி விழுவார் என்று தோன்றுகிறது. ஒருவர் வாங்கும் தினத்தந்தி எட்டுப் பேர் கை மாறும். பக்கம் ஒட்டிக்கொண்டால் ஆளாளுக்கு விரலை நாக்கில் தொட்டுத்தான் புரட்டுவார்கள். திருநின்றவூரில் ஏறுகிறவரின் பாக்கெட் சீப்பு வரிசையாகப் பலகை முழுக்கப் போய் அவரவர் எண்ணெயை வாங்கிக்கொண்டு திரும்பி வரும். யார் வீட்டு லெமன் சாதம் யார் வீட்டு வத்தக்குழம்போடு சேர்ந்தது என்பது மூடியைத் திறந்த ஐந்து நிமிடத்தில் மறந்துபோகும். இருமல் வந்தால் இருமினோம். யாராவது தும்மினால் எதிரே இருப்பவர் “நூறு வயசு” என்பார், அவ்வளவுதான் முன்னெச்சரிக்கை. சாயங்காலம் திரும்பும்போது வாசலோரம் தரையில் உட்கார்ந்து பூக்காரம்மாக்கள் மிச்சப் பூவைத் தொடுத்துக்கொண்டே வருவார்கள். திருவள்ளூர் தாண்டினால் விலை பாதியாகும், அதற்காகவே திருவள்ளூர் வரைக்கும் பேரம் பேசாமல் ஜன்னல் வழியாக வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்போம். ஆயுத பூஜைக்கு முந்தின வேலைநாளில் பெட்டி வாசலில் வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, கற்பூரம் காட்டி, பொரிகடலை விநியோகம். டிக்கெட் பரிசோதகர் வந்தால் அவருக்கும் ஒரு பொட்டலம். அன்றைக்கு அவர் யாரிடமும் சீசனைக் கேட்டதில்லை.

இதையெல்லாம் நான் அப்போது அனுபவித்தேன் என்று எழுதினால் பொய். அப்போது புலம்பிக்கொண்டிருந்தேன். முப்பத்தைந்து வருஷம் ஒரே புலம்பல்: கூட்டம், வியர்வை, ஊருக்குள் நுழையாமல் அவுட்டரில் நின்றே கழுத்தறுக்கும் வண்டி. அரக்கோணம் அவுட்டரில் நின்று வீட்டு விளக்கைப் பார்த்துக்கொண்டே இருபது நிமிடம் வீட்டுக்குப் போக முடியாமல் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சிக்னல் கோளாறு, பந்த் என்று ஏதாவது வந்து ஒரு நாளாவது வேலைக்குப் போகாமல் இருக்க வழி பிறக்காதா என்று திருத்தணி இருக்கும் திசை பார்த்து வேண்டிக்கொண்ட ஆள் நான். எம்.ஜி.ஆர். மறைந்த 1987 டிசம்பர் 24 அன்று கிளையிலேயே மாட்டிக்கொண்டு, பேரேடுகளைத் தலைக்கு வைத்துத் தரையில் படுத்திருந்தபோது, ஊரே அழுதுகொண்டிருக்கையில் எனக்குள் ஓடிய நினைப்பு கிறிஸ்துமஸுக்கு மறுநாளும் நிச்சயம் லீவு என்பதுதான். இருபத்தைந்து வயது. அந்த வயதுக்கு மன்னிப்பு உண்டென்று நினைக்கிறேன்.

முருகன் எதையும் மறப்பதில்லை. தாமதமாகச் செய்வான், மொத்தமாகச் செய்வான். 2020 மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை, மக்கள் ஊரடங்கு. அன்றோடு பயணிகள் ரயில் எல்லாம் நின்றது. 25ஆம் தேதியிலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு. சரக்கு வண்டி மட்டும் எப்போதாவது ஊதிக்கொண்டு போகும். எண்பத்திரண்டு வயது அம்மாவுக்குத்தான் முதலில் தடுமாற்றம். அவள் கடிகாரம் பார்த்து மாத்திரை போடுகிறவள் இல்லை. காலை மாத்திரை ஒரு எக்ஸ்பிரஸ் சத்தத்துக்கு, ராத்திரி மாத்திரை கடைசி லோக்கலுக்கு முந்தின வண்டியின் சத்தத்துக்கு. வண்டி நின்றதும் சர்க்கரை மாத்திரையை ஒரு நாள் இரண்டு தடவை போட்டுக்கொண்டு, தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள்.

நானும் தலை சுற்றித்தான் உட்கார்ந்தேன், வேறு காரணத்துக்காக. நாடே வீட்டுக்குள் இருக்க வேண்டும், நான் மட்டும் போக வேண்டும். வங்கி அத்தியாவசியப் பணி. காலை பத்திலிருந்து மதியம் இரண்டு வரை. ‘இவர் அத்தியாவசியப் பணியாளர்’ என்று மேலாளர் கையெழுத்தும் முத்திரையும் போட்ட ஒரு கடிதம் என் கைக்கு வந்தது. முப்பத்தாறு வருஷ சர்வீஸில் என்னை யாரும் சொல்லாத சொல். பதவி உயர்வு நேர்காணலில் சொன்னதில்லை, சம்பள உயர்வு கேட்டபோது சொன்னதில்லை, வீட்டில் சொல்வதற்கான வாய்ப்பே இல்லை. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். காதில் கை வைத்துக் கேட்டவள் நிதானமாகச் சொன்னாள்: “அரசாங்கமே சொல்லிடுச்சா? உங்கப்பா இருந்தா நம்பியிருக்க மாட்டாருடா.”

என் மனைவி நம்பினாள், அதுதான் பிரச்சினை. “என்னங்க, ரெண்டு வருஷந்தானே இருக்கு, வி.ஆர்.எஸ். குடுத்துடுங்களேன்” என்று முதல் நாள், அடுத்த நாள் கடிதத்தைக் கண்ணாடிப் பை போட்டு ஒட்டிக் கொடுத்தாள், “சானிடைசர் பட்டா மை அழிஞ்சிடும்” என்று. பயமும் பொறுப்பும் அவளுக்கு ஒரே கையால் வருகிறவை.

ரயில் இல்லை, பேருந்து இல்லை. பக்கத்துத் தெரு பால்காரரின் பழைய டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியை இரவல் வாங்கினேன். இரண்டு பக்கமும் பால் கேன் மாட்டும் கொக்கி. ஒரு கொக்கியில் சாப்பாட்டுப் பை, இன்னொன்றில் சானிடைசரும் மாற்றுச்சட்டையும். திருத்தணி வரை பதின்மூன்று கிலோமீட்டர், பிறகு திருவள்ளூர் சாலையைப் பிடித்து, திருநின்றவூர், ஆவடி, அம்பத்தூர். உட்கார்ந்துகொண்டே போய்விடலாம் என்று அப்பா சொன்னது இந்த விதத்தில் பலித்தது.

ஹெல்மெட், முகக்கவசம், மூக்குக்கண்ணாடி மூன்றும் ஒரே தலையில் ஒத்துப்போகாது என்பதை அந்தச் சாலையில்தான் கண்டுபிடித்தேன். மூச்சு விட்டால் கண்ணாடி மங்கும். விடாமல் இருந்தால் வண்டி ஓட்ட முடியாது. கனகம்மாசத்திரம் வருகிறதா போகிறதா என்று தெரியாமல் போன காலைகள் உண்டு. மாவட்ட எல்லையில் தடுப்பு. நிற்கும் காவலருக்கு என்னைவிட வயது குறைவு, என்னைவிடப் பயம் அதிகம். ஒட்டிய கடிதத்தைக் கையில் வாங்காமல் தூரத்திலிருந்தே கண்ணைச் சுருக்கிப் படிப்பார். “அரக்கோணத்துலருந்து அம்பத்தூரா, இதுலயா?” என்று என் வண்டியைப் பார்த்து அவர் பரிதாபப்பட்ட பிறகுதான் தடுப்பு நகரும்.

எல்லை என்கிற சங்கதியே எங்கள் பக்கத்தில் ஒரு வேடிக்கை. அம்மா பிறந்த திருத்தணி அவளுடைய கல்யாணத்தின்போது ஆந்திராவில், சித்தூர் மாவட்டத்தில் இருந்தது, ம.பொ.சி.யும் மற்றவர்களும் போராடி, 1960 ஏப்ரல் 1ஆம் தேதிதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. “நான் ஆந்திராவிலேருந்து கட்டிக்கிட்டு வந்தவ, எங்கம்மா மெட்ராஸ் மாகாணத்துல செத்தா, ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருந்தோம்” என்பாள். அப்போதெல்லாம் அந்த எல்லை வரைபடத்தில் மட்டும் இருந்தது. அவளுடைய அப்பா வாழைத்தார் தூக்கிக்கொண்டு நடந்து கடந்த எல்லை. 2020 ஏப்ரலில் வேலூர் மாவட்டத்தில் ஆந்திரா போகும் சாலைகளில் இரண்டு இடத்தில் குறுக்கே சுவரே எழுப்பிவிட்டார்கள், எதிர்ப்பு வந்ததும் இடித்துவிட்டார்கள். அம்மாவிடம் சொன்னேன். “கொத்தனாருக்கு ரெண்டு கூலி” என்றாள்.

இப்படிச் சீட்டு காட்டிப் பயணம் போவது புதுசுமில்லை. கொரோனாவுக்குப் பயன்படுத்தின தொற்றுநோய்ச் சட்டம் 1897இல் வெள்ளைக்காரன் பம்பாய்ப் பிளேக்குக்காகப் போட்டது. அந்தக் காலத்திலேயே சென்னை மாகாணத்தில் நோய் கண்ட ஊரிலிருந்து ரயிலில் வருகிறவனுக்குப் பிளேக் பாஸ்போர்ட் என்று ஒன்று கொடுத்து, போன ஊரில் தினமும் ஆளைக் காட்டிவிட்டு வரச் சொன்னார்கள். நம்முடைய இ-பாஸுக்கு அதுதான் கொள்ளுத்தாத்தா. ஒரே முன்னேற்றம், தாத்தாவை ஒருவர் எழுதிக் கொடுத்தார், பேரனை நாமே செல்போனில் மணிக்கணக்கில் நிரப்பி, ‘நிராகரிக்கப்பட்டது’ என்று பதில் வாங்க வேண்டியிருந்தது.

ஒரு நாள் பெரிய சாலைத் தடுப்புக்குப் பயந்து திருவாலங்காடு வழியாகக் குறுக்கே புகுந்தேன். ஒரு கிராமத்து முகப்பில் கருவேல முள்ளை வெட்டிப்போட்டு அடைத்திருந்தார்கள். வெளியாள் உள்ளே வரக் கூடாது. என்னுடைய முத்திரை போட்ட அத்தியாவசியம் முள்ளிடம் செல்லவில்லை. திரும்பினேன். காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்த தலம் திருவாலங்காடு. கால் வைக்க அஞ்சி சம்பந்தர் ஊருக்கு வெளியே தங்கினார் என்பார்கள். நானும் அன்று வெளியோடுதான் போனேன், பக்தியால் அல்ல.

கிளையில் தரையெல்லாம் சுண்ணாம்பு வட்டம். ஜன்தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் ஐநூறு ஐநூறு ரூபாய் வந்தது. அந்த ஐநூறுக்காக வெயிலில் வட்டத்துக்குள் நின்றார்கள். கூட்டம் நகர நகர, ஆளுக்குப் பதில் செருப்பை வட்டத்தில் விட்டுவிட்டு நிழலுக்குப் போனார்கள். வங்கி வாசலில் செருப்புகள் ஒழுங்காக இடைவெளி விட்டு நின்றன, மனிதர்கள் வேப்பமரத்தடியில் நெருக்கியடித்து நின்றார்கள். கவுன்டரில் என் எதிரே இருந்த ஸ்பாஞ்சு டப்பாவில் முப்பத்தாறு வருஷமாகத் தண்ணீர், அந்த வருஷம் சானிடைசர். தொட்ட நோட்டெல்லாம் ஆஸ்பத்திரி வாசம். ஒருவர் நோட்டை இஸ்திரி போட்டுச் சுடச்சுடக் கொண்டுவந்தார். இன்னொருவர் சோப்பில் துவைத்துக் கொடியில் காயவைத்தது, நோட்டில் கிளிப் அடையாளம் இருந்தது. நல்ல நோட்டா என்று வெளிச்சத்தில் பார்த்த கண், இது யார் இருமின நோட்டு என்று பார்க்கக் கற்றுக்கொண்டது. அதற்கு வெளிச்சத்தில் எதுவும் தெரியவில்லை.

உண்மையான பயம் போகும் வழியிலும் இல்லை, கவுன்டரிலும் இல்லை. திரும்பி வரும்போது திருத்தணி மலை கண்ணில் பட்டதும் ஆரம்பிக்கும். வீட்டுக்கு எதைக் கொண்டுபோகிறோம்? சின்ன வயதில் நான் எதைக் கொண்டுவருகிறேன் என்று அம்மா வாசலிலேயே பையைப் பிடுங்கிப் பார்ப்பாள், கொய்யாப்பழமா, வேர்க்கடலையா. இப்போது பின்கட்டு வழியாக நுழைந்து, கிணற்றடியில் குளித்து, துணியை வெந்நீரில் முக்கி, சாவி, செல்போன், சில்லறை எல்லாம் தனித்தனித் தட்டில் கழுவி, அதற்கப்புறமும் அம்மா இருக்கிற திண்ணைக்குப் போகாமல் முற்றத்துக்கு இந்தப் பக்கமிருந்தே கத்திப் பேசுவேன். அவள் அலட்டிக்கொள்ளவில்லை. அவள் காலத்தில் அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை சொருகினால் யாரும் உள்ளே போக மாட்டார்கள், உள்ளே இருப்பவர்களும் எங்கேயும் போக மாட்டார்கள், அதற்கு ஆளும் தேவையில்லை கடிதமும் தேவையில்லை. “எங்க காலத்துல ஆத்தா வந்தான்னா எல்லாரும் வீட்ல இருந்தோம். உங்க காலத்துல அத்தியாவசியம்னு ஒருத்தனை மட்டும் அனுப்புறாங்க” என்றாள். பதில் தெரியாததால் கபசுரக் குடிநீரைக் குடித்தேன்.

ஆடிக் கிருத்திகை வந்தது. வழக்கமாக அந்த மூன்று நாளும் மஞ்சள் துணியும் பூக்காவடியும் அரோகரா சத்தமுமாக ரயிலுக்குள் ரயிலே தெரியாது; அலுவலகம் போகிறவர்கள் காவடிக்கு இடம் விட்டு ஒற்றைக் காலில் வருவோம், அதையும் புலம்புவோம். 2020இல் மலைக்கு யாரையும் விடவில்லை. வெறும் சாலையில் எக்ஸ்.எல்.லை நிறுத்தி மேலே பார்த்துக் கும்பிட்டேன். நீ கேட்ட லீவுதான் இது என்று அவன் சொன்ன மாதிரி இருந்தது.

அக்டோபர் 5ஆம் தேதி, மாநில அரசு குறித்துக் கொடுத்த அத்தியாவசியப் பணியாளர்களுக்கென்று லோக்கல் மறுபடி ஓட ஆரம்பித்தது. பிறகு எங்கள் வகையறாவுக்கும் அனுமதி வந்து, கடிதத்தைக் காட்டி சீசன் எடுத்து, ஏழு மாதத்துக்கு மேல் கழித்துப் பிளாட்பாரத்தில் கால் வைத்தேன். நெற்றிக்கு நேரே துப்பாக்கி மாதிரி ஒன்றை நீட்டி வெப்பம் பார்த்தார்கள். பெட்டியில் ஒன்று விட்டு ஒரு இருக்கையில் பெருக்கல் குறி. ஜன்னலோரம் என்ன, எட்டு ஜன்னலும் எனக்குத்தான். முப்பத்தைந்து வருஷம் இதற்குத்தானே புலம்பினாய், உட்கார் என்று என்னையே சொல்லி உட்காரவைத்தேன்.

கடம்பத்தூரில் ஓர் இளைஞன் ஏறினான். ஏதோ ஆஸ்பத்திரியில் துப்புரவுப் பணி, கழுத்தில் அட்டை. அத்தனை இடம் காலியாக இருக்க, என் எதிரே வந்து நின்று, “சார், கொஞ்சம் தள்ளி உட்காருங்க” என்றான். என் உடம்பு என்னைக் கேட்காமல் வேலை செய்தது. மூச்சை விட்டேன், தோளை முன்னால் கொண்டுவந்தேன், ஜன்னல் பக்கம் நகர்ந்து, பக்கத்தில் அரையடி காட்டினேன். அவன் பாம்பைப் பார்த்தவன் போலப் பின்னால் துள்ளினான். “ஐயோ, இல்ல சார், தள்ளி… தள்ளி!” நான் உட்கார்ந்திருந்தது பெருக்கல் குறியின் மேல். ஒரே வார்த்தைதான். இத்தனை வருஷம் ‘என்னைச் சேர்த்துக்கொள்’ என்று அர்த்தம், அந்த வருஷம் ‘என்னை விட்டு விலகு’ என்று அர்த்தம். தமிழ் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வைக்காததை அதற்கு முன் நான் கவனித்ததில்லை.

டிசம்பர் 23இலிருந்து நெரிசல் இல்லாத நேரத்தில் எல்லோரும் போகலாம் என்றார்கள். எங்கள் லைனில் அப்படி ஒரு நேரம் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்புறம் அடுத்த அலை, மறுபடி கட்டுப்பாடு. 2021 மே மாதம் எங்கள் பெட்டி வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலை ஆறு மணிக்கு முருகன் படம் போடுகிற எண்ணிலிருந்து மூன்று நாள் படம் வரவில்லை. நான்காம் நாள் அவர் மகன் எழுதினார். கடம்பத்தூர் ஃபிட்டர். சாவுக்கு இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது என்றிருந்த சமயம், பெட்டியிலிருந்து ஒருவரும் போகவில்லை. அவருக்கு அரையடி போதும் என்பது எங்களில் எத்தனை பேருக்கு அன்று ஞாபகம் வந்ததோ.

2022இல் ஓய்வு பெற்றேன். அத்தியாவசியக் கடிதம் பீரோவில் இருக்கிறது. இப்போது அதற்கு நேர்மாறாக வருஷா வருஷம் நவம்பரில் வேறொரு காகிதம்: நான் உயிரோடு இருக்கிறேன் என்பதற்குச் சான்று. செல்போனில் முகத்தைக் காட்டினாலே போதும் என்று மகன் பெங்களூரிலிருந்து சொல்கிறான். எனக்கு அம்பத்தூர் போய், கவுன்டருக்கு இந்தப் பக்கம் நின்று கையெழுத்துப் போட்டால்தான் உயிரோடு இருப்பது போல் இருக்கிறது. சீசன் வரிசை கிடையாது இப்போது, செல்போனிலேயே டிக்கெட். கொய்யாக் கூடைக்காரம்மாவும் கூடையில் கட்டம்போட்ட அட்டை தொங்கவிட்டிருக்கிறார். சில்லறைத் தகராறு ஒழிந்தது, சில்லறை இல்லை என்று ஒரு பழம் கூடப் போடுகிற வழக்கமும் ஒழிந்தது. தினத்தந்தியை யாரும் கை மாற்றுவதில்லை. அவரவர் காதில் அவரவர் கம்பி.

போன நவம்பரில் ஜன்னலோரம் கிடைத்தது. கடம்பத்தூரில் கூட்டம் ஏறியது. மூட்டை மாதிரி ஒரு பையை மாட்டிக்கொண்டிருந்த பையன் காதுக் கம்பியைக் கழற்றாமலே, “அங்கிள், கொஞ்சம் தள்ளி உட்காருங்க” என்றான்.

“எந்தப் பக்கம்?” என்று கேட்டேன்.

இந்தக் கிழவருக்கு என்ன ஆயிற்று என்று ஒரு கணம் பார்த்தான். “உள்ள தள்ளி, அங்கிள்.”

மூச்சை விட்டேன். தோளை முன்னால் கொண்டுவந்தேன். உட்கார்ந்தான்.